டேங்க் சொட்டியது, ஓட்டை டேங்கில் இல்லை

எங்கள் பழைய டீசல் ஜீப்பில்தான் மணிலா மூட்டைகளைக் கீழ்பென்னாத்தூருக்கு ஏற்றி வருகிறோம். நிறுத்துவது வைக்கோல் போரை ஒட்டித்தான். டேங்க் அடியில் டீசல் சொட்டத் தொடங்கியதும் முதல் பயம் போருக்குத்தான். தரையில் சிந்திய டீசல் லேசில் பற்றாது. வைக்கோலில் ஊறினால் திரி மாதிரி.

பார்த்த மெக்கானிக், "டேங்க் ஓட்டை, இறக்கி வெல்டிங் வைக்கணும்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. உள்ளே ஆவி நிற்கிற டேங்கில் வெல்டிங் வைப்பது வெடி வைக்கிற மாதிரி.

டேங்க் நிறைய டீசலோடு, இரவு அடியில் அட்டை விரித்தேன். காலையில் அட்டை காய்ந்தே இருந்தது. இன்ஜினைக் கால் மணி நேரம் ஓடவிட்டதும் சொட்டியது. ஓட்டை டேங்கில் இருந்தால் நிறுத்தியிருக்கும்போதும் சொட்ட வேண்டுமே!

இன்ஜின் ஆறியதும் சோப்புத் தண்ணீரால் கழுவி, உலர்த்தி, டேங்கின் மேலும் பைப்புகளிலும் முகப்பவுடர் தூவினேன். (வீட்டில் ஒரு டப்பா காலி.) மறுபடி ஓட்டியதும் டேங்கின் தலைப்பில், மிச்ச டீசல் திரும்பி வரும் ரிட்டர்ன் ஹோஸில் ஈரக்கோடு. ரப்பர் விறைத்து வெடித்திருந்தது. கசிந்த டீசல் டேங்கின் பக்கவாட்டில் வழிந்து அடியில் சொட்டியிருக்கிறது. ஒரு சாண் டீசல் ஹோஸ், 2 கிளிப், வேலை முடிந்தது. தண்ணீர் ஹோஸோ சைக்கிள் டியூபோ போடாதீர்கள், டீசலில் ஊறி உப்பிவிடும்.

பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புப் பைப்பை, இன்ஜின் ஓடும்போது கையால் தடவிப் பார்க்கவே கூடாது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியது போலத்தான் தெரியும். ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பெட்ரோல் வண்டியில் இப்படி ஓடவிட்டுப் பார்க்கவே வேண்டாம். சாவியைத் திருப்பாமல் தள்ளிக்கொண்டு போய் வெளியே நிறுத்துங்கள்.