துவக்கும் துரையும் ஒரு பழைய கணக்கும்

சென்ற மாதம் கனடாவின் சட்பரி நகரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவர் என் பால்ய நண்பரின் மகன். வரக்காப்பொலைக்கு அண்மையில், கொழும்பு - கண்டி வீதியிலிருந்து சற்று உள்ளே இருந்த ஓர் இறப்பர் தோட்டத்தில் நானும் அவருடைய தந்தையும் ஒன்றாக வளர்ந்தவர்கள். நலம் விசாரித்து முடிந்ததும் விடயத்துக்கு வந்தார்.

"மாமா, வேட்டை உரிமம் எடுத்துவிட்டேன். மான் வேட்டைக்கும் இலக்குச் சுடுதலுக்கும் சேர்த்து ஒரே ஒரு ரைபிள் வாங்க எண்ணியிருக்கிறேன். .243 வாங்குவதா, .308 வாங்குவதா என்று தீர்மானிக்க முடியவில்லை. நீங்கள் போர்க்காலத்தில் செய்தி எழுதியவர். உங்களுக்குத் தெரிந்திருக்கும்தானே?"

பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை இன்னும் உலகில் மிஞ்சியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் துவக்குகளைப் பற்றி நான் கற்றது வேட்டைக்காரன் கற்கும் வழியில் அல்ல. நிலத்தில் கிடந்த வெற்றுக் கோதுகளைப் பார்த்துக் கற்றது. டி-56 துப்பாக்கியின் 7.62 மில்லிமீட்டர் கோது எது, கைத்துப்பாக்கியின் 9 மில்லிமீட்டர் கோது எது என்று அறிந்திருப்பது அந்த ஆண்டுகளில் நிருபரின் அரிச்சுவடி. எனக்கு அந்த எண்கள் செய்தியின் மூன்றாவது பந்தியில் வருபவை. அவற்றை ஒருவர் கடையில் நின்று விரும்பித் தேர்ந்தெடுப்பார் என்பதே சற்று விநோதமாக இருந்தது.

ஆயினும் கேட்டவர் நண்பரின் மகன். எனவே தேடிப் படித்தேன். அறிந்ததை வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

இந்த எண்கள் குண்டின் விட்டத்தை அங்குலத்தில் குறிப்பவை. .308 வின்செஸ்டர் 1952ஆம் ஆண்டு சந்தைக்கு வந்தது. நேட்டோ படைகள் ஏற்றுக்கொண்ட 7.62 x 51 மில்லிமீட்டர் ரவையின் உடன்பிறப்பு அது. .243 மூன்றாண்டுகள் கழித்து, 1955இல் வந்தது. .308இன் கோதையே எடுத்து, கழுத்தை ஒடுக்கி, சிறிய குண்டைப் பொருத்தினார்கள். ஆகவே இவை இரண்டும் தாயும் பிள்ளையும் போன்றவை.

.243 ரவையில் மானுக்கென இடும் குண்டு வழக்கமாக 100 கிரெயின், அதாவது ஆறரைக் கிராம். வினாடிக்கு ஏறத்தாழ 900 மீட்டர் வேகத்தில் புறப்படும். .308இல் 150 முதல் 180 கிரெயின் வரையான குண்டுகள் சாதாரணம். 150 கிரெயின் குண்டு வினாடிக்கு 860 மீட்டர் அளவில் செல்லும். வேகத்தில் பெரிய வேறுபாடு இல்லை. எடையில்தான் வேறுபாடு. எடை கூடினால் தோளில் விழும் உதையும் கூடும். .243 மென்மையாக உதைப்பதால் புதியவர்கள் அஞ்சாமல் சுடுவார்கள். அஞ்சாமல் சுடுபவரின் குறி தவறுவது குறைவு. மறுபுறம், சிறிய துளை வழியே அதிக வெடிமருந்தை எரிப்பதால் .243இன் குழல் விரைவில் தேயும். வாரந்தோறும் இலக்குச் சுடுபவருக்கு இது சிறிய விடயமல்ல. .308 குழல் அதைவிட நெடுங்காலம் உழைக்கும்.

வெள்ளைவால் மானுக்கு இரண்டுமே போதும். ஆனால் ஒன்டாரியோவின் வடபகுதியில் மூஸ் என்ற பெருவிலங்கும் உண்டு. வளர்ந்த ஆண் மூஸ் 400, 500 கிலோ எடை இருக்கும். அதற்கு .243 போதாது என்பதே அனுபவசாலிகள் பலரின் கருத்து. சிறிய குண்டு கொல்லாது என்பதல்ல. சரியான இடத்தில் பட்டால் கொல்லும். தவறிப் பட்டால் கொல்லாமல் விட்டுவிடும்.

இந்த வரியைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். அறுபது ஆண்டுகளுக்கு முந்திய எங்கள் தோட்டம் கண்முன் வந்து நின்றது.

தோட்டத் துரைமாருக்கும் துவக்குக்கும் உள்ள உறவு பழையது. வெள்ளைத் துரைமார் 1900ஆம் ஆண்டிலேயே 'சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் கோர்' என்று தங்களுக்கெனத் தனியாக ஒரு தொண்டர் படையை அமைத்துக்கொண்டவர்கள். போயர் யுத்தத்துக்கும் முதலாம் உலகப் போருக்கும் அதிலிருந்து ஆட்கள் சென்றார்கள். 1949இல் அந்தப் படை கலைக்கப்பட்டது. துரைமாரின் நிறம் மாறிய பின்னரும் பங்களாச் சுவரில் துவக்கு மாட்டும் வழக்கம் மட்டும் மாறவில்லை. லயங்களிலோ உரிமம் பெற்ற துவக்கு ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமையையே இழந்திருந்த மக்களுக்குத் துவக்கு உரிமம் யார் கொடுப்பார்?

எங்கள் துரையிடம் இரண்டு இருந்தன. ஒன்று பன்னிரண்டு போர் துவக்கு. மற்றது .22 ரைபிள். காட்டுப்பன்றிகள் இரவில் வந்து லயத்துத் தோட்டங்களின் மரவள்ளியையும் வற்றாளையையும் கிளறிவிடும். இளம் இறப்பர்க் கன்றுகளையும் விட்டுவைப்பதில்லை. பன்றிக்கு ஏற்றது பன்னிரண்டு போர். பெரிய சன்னங்கள் இட்ட ரவையால் கிட்ட நின்று சுட்டால் விழுந்துவிடும். ஆனால் துரைக்குப் பிடித்தது .22. சத்தம் குறைவு, ரவை மலிவு, தோளை உதைக்காது. போத்தல்களை வரிசையாக வைத்துச் சுட்டுப் பழகியவர். அதன் குண்டு இரண்டரைக் கிராம்தான். முயலுக்கும் பறவைக்கும் உரியது.

1966 என்று நினைவு. ஓரிரவு ஜீப்பில் இருந்தபடியே பன்றியொன்றை .22ஆல் சுட்டார். பட்டது. பன்றி விழவில்லை. இரத்தம் சிந்தியபடி இறப்பர் மலைக்குள் போய்விட்டது. காயம்பட்ட பன்றியைத் தேடிச் சென்று முடிக்க வேண்டும் என்பது வேட்டையின் முதல் நியதி. குறைந்தபட்சம், அந்த மலைக்கு மறுநாள் ஆள் அனுப்பாமலாவது இருந்திருக்கலாம். துரை உறங்கச் சென்றார். விடியற்காலையில் வழக்கம்போல் பிரட்டுக் கலைந்து, பால்வெட்டப் பெண்கள் மலை ஏறினார்கள்.

பன்றி இடித்தது என் நண்பனின் தாயாரை. தொடை கிழிந்தது. சிந்திய இறப்பர்ப் பாலும் இரத்தமும் கலந்து கிடந்ததைச் சிறுவர்கள் நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தோம். உயிர் தப்பினார். ஆனால் அதன்பின் அவர் நேராக நடந்ததில்லை. மலை வேலையும் போயிற்று.

என் தந்தையார் அங்கே கணக்கப்பிள்ளை. அன்று மாலை அவர் ஓர் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. "காட்டுப்பன்றி தாக்கிக் காயம்" என்று எழுதினார். முந்திய இரவின் வெடியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவருக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். வேலை போனால் வீடும் போகும் என்பது தோட்டத்தின் எழுதாத சட்டம். அதை வைத்து அவரை மன்னிக்க முயன்றிருக்கிறேன். நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்ததற்குக் காரணம் கேட்பவர்களுக்கு வெவ்வேறு பதில்கள் சொல்லியிருக்கிறேன். விடுபட்ட அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னதில்லை.

1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது கேகாலை மாவட்டமே கொந்தளித்தது. கிளர்ச்சியாளர் வீடு வீடாகத் துவக்குகளைத் திரட்டினார்கள். பங்களாவின் இரண்டும் அப்போது போயின. பின்னர் காணிச் சீர்திருத்தம் வந்தது, துரையும் போனார். என் தந்தையும் நண்பனின் தாயாரும் இன்றில்லை.

சட்பரிக்கு மீண்டும் அழைத்தேன். முதலில் கதையைச் சொன்னேன். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை.

"அப்பாயியைப் பன்றி இடித்தது என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள், மாமா. சுட்டுக் காயப்படுத்திய பன்றி என்று யாரும் சொல்லவில்லை."

"எழுதாமல் விட்டவர்களில் என் அப்பாவும் ஒருவர், தம்பி. இத்தனை நாள் சொல்லாதவன் நான்."

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு என் ஆலோசனையைச் சொன்னேன். மூஸையும் சுடக்கூடும் என்றால், இலக்குக் களத்துக்கும் அதையே எடுத்துச் செல்வதென்றால், .308 வாங்குங்கள். மானோடு நிறுத்திக்கொள்வதானால் .243 பிழையல்ல. எதை வாங்கினாலும் முதல் ஆறு மாதம் ஒரு .22ஐ இரவல் வாங்கிக் காகித இலக்கில் மட்டும் பழகுங்கள். அது கற்பதற்கு நல்ல துவக்கு. பன்றிக்குத்தான் கெட்ட துவக்கு. ஆனால் சிறியது என்று அதையும் அலட்சியம் செய்ய வேண்டாம். அந்த இரண்டரைக் கிராமும் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் செல்ல வல்லது. இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதையும் சுடாதீர்கள். எங்கள் தோட்டத்தில் இலக்குக்குப் பின்னால் எப்போதும் ஒரு லயம் இருந்தது. காயப்படுத்திவிட்டால், இருட்டினாலும் பனி கொட்டினாலும் தேடிச் சென்று முடித்துவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும். அதற்கு மனம் இல்லாதவர் போத்தலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இலங்கையில் இன்று மானையோ மரையையோ சுடுவது குற்றம். காட்டுப்பன்றித் தொல்லை மட்டும் தீரவில்லை. சட்டவிரோதமாகக் கட்டிவைக்கும் கட்டுத்துவக்குகளில் மனிதர்களின் கால்கள் இன்றும் சிதைகின்றன. அங்கே விசையை இழுப்பவர் அருகில் இருப்பதுகூட இல்லை.

நேற்று மின்னஞ்சல் வந்திருந்தது. .308 வாங்கிவிட்டாராம். துவக்கின் படத்தை அனுப்பவில்லை. அப்பாயியின் பழைய படம் ஏதாவது என்னிடம் இருக்கிறதா என்று கேட்டிருந்தார். தோட்டத் திருவிழாவில் எடுத்த ஒன்று இருக்கிறது. ஓரமாக, ஒரு காலில் பாரத்தைச் சாய்த்து நிற்கிறார். தேடி எடுத்து வைத்திருக்கிறேன், இன்று அனுப்ப வேண்டும்.