இரும்பும் அதன் இல்லமும்

இரும்பை ஈரக் காற்றிலே கிடக்கவிட்டால் துருப்பிடிக்கும். இது பாலரும் அறிந்த உண்மை. அங்ஙனமாயின், எந்நேரமும் நீரோடும் ஒட்சிசனோடும் உறவாடும் குருதியின் இரும்பு மட்டும் கெடாதிருப்பது ஏன்? என் மாணவன் ஒருவன் வகுப்பிலே எழுப்பிய வினா இது. இதற்கு விடைகூறப் புகுந்தால், இரும்பைக் காட்டிலும் அது குடியிருக்கும் வீட்டைப் பற்றியே அதிகம் பேசவேண்டியிருக்கிறது.

குருதிக்குச் செந்நிறம் தருவது ஈமோகுளோபின் என்னும் புரதம். அதனுள்ளே 'ஈம்' எனப்படும் தட்டையான வளையம் உண்டு. அதன் நடுவே நான்கு நைதரசன் அணுக்கள் பற்றிநிற்க, ஓர் இரும்பணு வீற்றிருக்கிறது. ஈமைத் தனியே பிரித்து நீரிலிட்டு ஒட்சிசனைச் செலுத்தினால், இரும்பு விரைவில் ஓர் இலத்திரனை இழந்துவிடும். பின்னர் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் அதற்கில்லை.

புரதமோ ஈமை நீர் எளிதிற் புகாத பொந்தொன்றிலே வைத்துக் காக்கிறது. ஒருபுறம் ஹிஸ்ரிடீன் என்னும் அமினோ அமிலம் இரும்பைப் பற்றிக்கொள்கிறது. மறுபுறத்தே காவல்நிற்கும் இன்னொரு ஹிஸ்ரிடீன், வந்தமரும் ஒட்சிசனுக்கு ஐதரசன் பிணைப்பால் கைகொடுக்கிறது. நஞ்சாகிய காபனோரொட்சைட்டைத் தனித்த ஈம் ஒட்சிசனிலும் ஏறத்தாழ 20,000 மடங்கு இறுகப் பற்றும். புரதத்தினுள்ளே அது ஏறத்தாழ 200 மடங்காகத் தணிந்துவிடுகிறது. இத்தகைய புரதங்களின் அமைப்பை எக்ஸ் கதிர்களாற் கண்ட மாக்ஸ் பெறூட்ஸ், ஜோன் கென்றூ இருவரும் 1962இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு பெற்றனர்.

அதே ஈம் வேறு வீட்டிற் குடியேறினால் வேறு தொழில் புரியும். கற்றலேசு என்னும் நொதியத்தில் இரும்பைப் பற்றுவது தைரோசீன். அங்கே அது ஐதரசன் பரவொட்சைட்டைச் சிதைக்கிறது. அம்மருந்தைப் புண்ணில் இட்டதும் நுரை பொங்குவது இதனாலேயே. ஈரலிலுள்ள சைற்றோகுரோம் பி450இல் கந்தகமுடைய சிஸ்ரீன் இரும்பைப் பற்றுகிறது. அக்கந்தகம் இலத்திரனைத் தாராளமாய் ஈவதால், இரும்பு ஒட்சிசன் மூலக்கூற்றையே பிளந்து, மருந்துகளையும் நஞ்சுகளையும் மாற்றிவிடுகிறது. ஓரிடத்திற் சுமப்பதும் ஓரிடத்திற் பிளப்பதும் ஒரே இரும்பு!

வீட்டில் ஒரு கல் மாறினும் போதும். யப்பானின் இவாத்தே மாநிலத்துக் குடும்பங்கள் சிலவற்றில், குருதி கருமையுற்று உதடுகள் நீலம்பாரிக்கும் பரம்பரைக் குறையொன்று நெடுங்காலமாக இருந்தது. ஈமோகுளோபினின் அல்பாச் சங்கிலியிலுள்ள 141 அமினோ அமிலங்களுள் 87ஆவதான ஹிஸ்ரிடீன் தைரோசீனாக மாறியமையே காரணம். இரும்பின்மேற் குற்றமில்லை.

"இவனது இயல்பே இப்படித்தான், ஐயா" என்று பெற்றோர் தம் பிள்ளையைப் பற்றி என்னிடம் கூறும்போதெல்லாம் இவ்விரும்பணு என் நினைவுக்கு வருகிறது. பிள்ளை அணுவன்று, அவனுக்கெனத் தனி மனமுண்டு. எனினும், இயல்பென்று நாம் முத்திரையிடுவதில் வீட்டின் பங்கு எவ்வளவு, வகுப்பறையின் பங்கு எவ்வளவு என்று ஆராய்ந்த பின்பன்றோ தீர்ப்புக் கூறவேண்டும்?