‘அடிப்பார்’ என்னும் வினைமுற்று

முதுகலை ஆய்வேட்டிற்காகக் கோலார் தங்கவயல் தமிழில் வழக்கச் செயல்களைக் குறிக்கும் வினைவடிவங்களைத் திரட்டிக்கொண்டிருந்தேன். என் முதல் தகவலாளர் என் பெரியம்மா. “அந்தக் காலத்துல ஒரு நாள் எப்படிப் போகும்னு சொல்லுங்க பெரியம்மா” என்று கேட்டுவிட்டு ஒலிப்பதிவைத் தொடங்கினேன். காலையில் சுரங்கத்துச் சங்கு ஊதுவதையும், லைன் வீடுகளுக்குப் பொதுவான குழாயில் குடம் வரிசை வைப்பதையும் சொன்னார். பிறகு அதே குரலில், “சம்பள நாள்ல குடிச்சிட்டு வருவாரு. வந்தா அடிப்பாரு. பிள்ளைங்கள வெளிய தள்ளிட்டு, கதவச் சாத்திட்டு அடிப்பாரு” என்றார்.

சற்று நேரம் கழித்து இதையும் சொன்னார்: “ஒரு ராத்திரி அவரு தூங்கறப்ப அம்மிக்குழவியத் தூக்கிட்டேன். தலைக்கு நேரா. சின்னவன் அழுதான். வச்சிட்டுப் பால் குடுக்கப் போயிட்டேன்.”

நான் வினை விகுதிகளைக் குறித்துக்கொண்டேன். வருவாரு, அடிப்பாரு: வழக்கம். தூக்கிட்டேன்: ஒற்றை நிகழ்வு. அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். பெரியப்பா பல ஆண்டுகளுக்குப் பிறகு நோயுற்றுத் தம் படுக்கையில்தான் இறந்தார். அந்த ஒலிப்பதிவில் நான் கேளாமல் விட்டது என்னவென்று, பிற்பாடு ஒரு கருத்தரங்கிற்காகத் தீர்ப்புகளின் மொழியைப் படித்தபோதே எனக்கு உறைத்தது. பெரியம்மாவின் அனுமதி பெற்றே இதை எழுதுகிறேன்.

பள்ளி இலக்கணம் ‘அடிப்பார்’ என்பதை எதிர்கால வினைமுற்று என்கிறது. ஆனால் “அப்போதெல்லாம் வந்தால் அடிப்பார்” என்று சொல்லும்போது அது கடந்தகால வழக்கத்தைக் குறிக்கிறது. அந்த ஆண்டுகளின் ஏதேனும் ஒரு சம்பள நாளன்று பிற்பகலில் பெரியம்மா இதே சொற்களைச் சொல்லியிருந்தால், அவை அன்று மாலையைப் பற்றியவை. நேற்றுவரை நடந்ததும் இன்று நடக்கவிருப்பதும் ஒரே வடிவில் அமைகின்றன. தொடர்ந்து அடிபடும் ஒருத்திக்கு இது இலக்கண நுட்பமன்று. அவள் நாளைக் கழிக்கும் முறையே அதுதான். சென்ற முறை நடந்ததைக் கொண்டே இன்றைய காலடி ஓசையை அவள் அளக்கிறாள்.

சட்டம் கேட்கும் காலம் வேறு. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 300ஆம் பிரிவிற்கான முதல் விதிவிலக்கு, கடுமையான, திடீர் ஆத்திரமூட்டலால் தன்னடக்கத்தை இழந்த ஒருவர் அவ்வாறு ஆத்திரமூட்டியவரைக் கொன்றால் அது கொலைக்குற்றமாகாது என்கிறது. ‘கடுமையான’ என்பதைப் பெரியம்மா போன்ற எவரும் எளிதில் மெய்ப்பித்துவிடலாம். ‘திடீர்’ என்ற சொல்லில்தான் அவர்கள் தடுக்கி விழுகிறார்கள்.

இச்சொல்லுக்கு இந்திய நீதிமன்றங்கள் தந்த பொருளை அறிய நாம் செல்லும் வழக்கு நானாவதி வழக்கு. 1959 ஏப்ரல் 27 அன்று, மனைவி தன் உறவை ஒப்புக்கொண்டதைக் கேட்ட கடற்படை அதிகாரி நானாவதி, குடும்பத்தைத் திரையரங்கில் இறக்கிவிட்டு, கப்பலுக்குச் சென்று துப்பாக்கியைப் பெற்று, மனைவியின் காதலரைச் சுட்டார். இடையே கழிந்தது ஏறத்தாழ 3 மணி நேரம். தன்னடக்கம் மீள அந்த நேரம் போதும் என்று 1961இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. அதே தீர்ப்பில், இறந்தவரின் முந்தைய செயல்கள் உருவாக்கிய மனப்பின்னணியையும் கருத்தில் கொள்ளலாம் என்ற ஒரு வரியும் உண்டு. பின்னாளில் அடிபட்ட பெண்களுக்காக வாதிட்டவர்கள் பற்றிக்கொண்டது அந்த வரியைத்தான்.

ஆனால் இந்த மணிக்கணக்கு யாருடைய உடலுக்கு ஏற்றது? கோபம் வந்த கணத்திலேயே கைநீட்டி வெல்லக்கூடியவருக்கே ‘திடீர்’ என்பது இயலும். எதிர்த்தால் இருமடங்கு அடிபடுவோம் என்று அனுபவத்தால் அறிந்தவள் அவன் உறங்கும்வரை காத்திருக்கிறாள். அந்தக் காத்திருப்பைச் சட்டம் திட்டமிடல் என்று படிக்கிறது. தற்காப்பு உரிமையும் அவளுக்கு எளிதில் கைகொடுப்பதில்லை. உறங்குபவனால் அக்கணத்தில் என்ன ஆபத்து என்ற கேள்வி உடனே எழுகிறது. வன்புணர்வு நோக்கில் தாக்குபவரைத் தடுக்கும்போது உயிரைப் பறிக்கவும் சட்டம் உரிமை தருகிறது. ஆனால் தாக்குபவர் வயது வந்த மனைவியின் கணவராக இருந்தால் அந்தச் செயலுக்கு வன்புணர்வு என்ற பெயரையே அது தருவதில்லை.

இங்கிலாந்தில் கிரண்ஜித் அலுவாலியா வழக்கு இதே முட்டுச்சந்தில்தான் நின்றது. ‘புரோவோக்ட்’ திரைப்படத்தின் வழியாகப் பலருக்கு அது தெரிந்திருக்கும். தீர்ப்பைப் படித்தால் படத்தைவிட அதிகம் உறுத்தும். பஞ்சாபில் பிறந்து, 1979இல் மணமாகி இங்கிலாந்தில் வாழ்ந்தவர். பத்தாண்டு அடி. கணவரைக் கட்டுப்படுத்த 1983இலும் 1986இலும் நீதிமன்றத் தடையாணை பெற்றவர். “ஏன் சட்டத்தை நாடவில்லை?” என்று கேட்போர் இந்த இரண்டு ஆண்டுகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். 1989 மே மாதத்தில் ஓர் இரவு, கணவர் பணம் கேட்டு மிரட்டினார்; சூடான இஸ்திரிப்பெட்டியை முகத்தருகே கொண்டுவந்தார். அவர் உறங்கிய பின், சில மணி நேரம் கழித்து, கிரண்ஜித் பெட்ரோலை ஊற்றித் தீவைத்தார். கணவர் சில நாட்களில் இறந்தார். பெட்ரோல் சில நாட்களுக்கு முன்பே வாங்கி வைக்கப்பட்டிருந்தது. இதை மறைத்துவிட்டு அவருக்காக வாதிடுவதில் பொருளில்லை.

விசாரணையில் அவர் சாட்சிக்கூண்டில் ஏறவில்லை; அவர் தரப்பில் மருத்துவச் சான்றும் வைக்கப்படவில்லை. 1989 டிசம்பரில் கொலைக்குற்றவாளி எனத் தீர்ப்பு, ஆயுள் தண்டனை. சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் அமைப்பினர் வழக்கைக் கையிலெடுத்துப் போராடிய பிறகு, 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. எந்த அடிப்படையில் என்பதுதான் முக்கியம். ‘திடீரென்று, தற்காலிகமாகத் தன்னடக்கம் இழத்தல்’ என்ற பழைய வரையறையை நீதிமன்றம் கைவிடவில்லை. ஆத்திரமூட்டல் என்ற வாதம் தோற்றது. மனச்சோர்வு நோய் இருந்ததற்கான புதிய மருத்துவச் சான்றின் பேரில், குறைந்த பொறுப்புநிலை என்ற வாதமே மறுவிசாரணைக்கு வழி திறந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் கொலைக்குற்றமல்லாத மரணம் விளைவித்தல் என ஏற்கப்பட்டு, அதுவரை சிறையில் கழித்த 3 ஆண்டு 4 மாதமே தண்டனையாக விதிக்கப்பட்டு விடுதலையானார்.

அந்தப் பழைய வரையறை பிறந்த 1949ஆம் ஆண்டு டஃபி வழக்கின் குற்றவாளியும் கணவனால் அடிபட்ட ஒரு பெண்தான். அவளைத் தண்டிக்க வகுக்கப்பட்ட சொற்களே நாற்பது ஆண்டுகள் கழித்துக் கிரண்ஜித்தின் வழியையும் மறித்தன.

தீர்ப்பில் ஒரு கடிதம் இடம்பெறுகிறது. கணவர் சில நாட்கள் வீட்டைவிட்டுப் போயிருந்தபோது கிரண்ஜித் அவருக்கு எழுதியது. திரும்பி வந்தால் கருங்காப்பி குடிக்க மாட்டேன், வாராவாரம் கடைவீதிக்குப் போக மாட்டேன், பச்சை மிளகாய் தின்ன மாட்டேன் என்ற பொருளில் வாக்குறுதிகள் வரிசையாக வருகின்றன. இதைப் படித்தபோது நான் நூலகத்திலிருந்து எழுந்து வெளியே போய்விட்டேன். எதைச் செய்தால் அடி விழும் என்பதைப் பத்தாண்டுகளாகப் பயின்ற ஒருவரின் அகராதி அது. நோயுற்ற மனம் இவ்வளவு நுணுக்கமாகத் தரவு திரட்டாது.

என் மனக்குறை இதுதான். சட்டம் இப்பெண்களிடம் இரக்கம் காட்ட முன்வரும்போதெல்லாம் அவர்களுக்கு ஒரு நோயின் பெயரைச் சூட்டுகிறது. லெனோர் வாக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களின் இறுதியில் முன்வைத்த கருத்து, ‘அடிபட்ட பெண் நோய்க்குறி’ என்ற பெயரில் உலகெங்கும் நீதிமன்றங்களுக்குள் நுழைந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 1989இல், கணவனின் கொடுமை தாளாமல் பிள்ளைகளுடன் கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்த ஒரு பெண்ணின் வழக்கில், நல்லதங்காள் கதையை நினைவுகூர்ந்து ‘நல்லதங்காள் நோய்க்குறி’ என்று பெயரிட்டது. திடீர் என்பதற்கு மாறாகத் ‘தொடர்ந்த ஆத்திரமூட்டல்’ என்ற கருத்தையும் அங்கீகரித்தது. இது துணிச்சலான தீர்ப்பு. அதன் நீதிபதிகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆயினும் நம் கதைமரபு அவர்களுக்குத் தந்த உருவம், துயரத்தைத் தன்மீதும் பிள்ளைகள்மீதும் திருப்பிக்கொண்ட பெண்ணின் உருவம். அதைத் தந்தவன்மீது திருப்பியவளுக்கு அவ்வளவு எளிதாக ஒரு பெயர் கிடைப்பதில்லை.

2013இல் கௌகாத்தி உயர் நீதிமன்றம், குடித்துவிட்டு வந்து அடித்துவந்த கணவனைத் திருப்பித் தாக்கியதில் அவன் இறந்துபோன வழக்கில், அடிபட்ட பெண் நோய்க்குறியை விரிவாக ஆராய்ந்து குற்றத்தின் தரத்தைக் குறைத்தது. அதுவும் முக்கியமான அடி. எனினும் அங்கே தாக்குதல் நடந்தது அடியின் நடுவில். உறங்குபவனுக்கு முன் நிற்பவளின் கேள்வி அப்படியே இருக்கிறது.

இன்னொரு சொல்லையும் இங்கே சொல்லியாக வேண்டும்: ‘குடும்பத் தகராறு’. செய்தித்தாள்களும் வழக்கு ஆவணங்களும் விரும்பும் சொல். தகராறுக்கு இரு தரப்பு வேண்டும். “கணவர் அடிப்பார்” என்ற தொடரில் எழுவாய் உண்டு, வழக்கம் உண்டு. “குடும்பத் தகராறு இருந்துவந்தது” என்று ஆனவுடன் அடித்தவர் இலக்கணத்திலிருந்தே மறைந்துவிடுகிறார். அதன் பின் ஆவணத்தில் எஞ்சும் ஒரே செய்வினை அவள் செய்ததுதான்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. கருத்தரங்கில் ஒரு தோழி அதை எழுப்பினார். ‘திடீர்’ என்ற வரம்பைத் தளர்த்தினால் முதலில் உள்ளே வருபவர் யார்? சாதி மாறி மணந்த மகளைக் கொன்ற தந்தையும், குடும்ப மானம் பல மாதங்கள் தன்னை வாட்டியதாகச் சொல்லமாட்டாரா? சொல்வார். இந்தியாவில் இது கற்பனையான அச்சமன்று. அன்று எனக்கு உடனே விடை கிடைக்கவில்லை.

பிறகு படித்ததில் இங்கிலாந்தின் 2009ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வழியைக் காட்டியது. அது ஆத்திரமூட்டல் என்ற பழைய வாதத்தையே நீக்கி, தன்னடக்கம் இழத்தல் என்பதை வைத்தது. அது திடீரென்று நிகழ்ந்திருக்க வேண்டியதில்லை. கடும் வன்முறை நேரும் என்ற அச்சத்தை ஒரு காரணமாக வெளிப்படையாக ஏற்கிறது. பழிவாங்கும் திட்டமிட்ட விருப்பத்தை விலக்குகிறது. துணையின் பாலியல் துரோகத்தையும் காரணமாக ஏற்க மறுக்கிறது. அதாவது கேள்வி “எவ்வளவு விரைவில் கோபம் வந்தது?” என்பதிலிருந்து “எதற்கு அஞ்சினாய்?” என்பதை நோக்கி நகர்கிறது. மகளைக் கொன்ற தந்தை இந்தக் கேள்வியில் தோற்பார். அச்சட்டத்திலும் குறைகள் உண்டு. தன்னடக்கம் இழந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இன்னும் நிற்கிறது. ஆனால் கோபத்திற்குச் சலுகை தந்த சட்டம் அச்சத்திற்கும் செவிசாய்க்க முடியும் என்பதற்கு அது சான்று.

நமக்கும் ஒரு வாய்ப்பு வந்தது. 1860ஆம் ஆண்டுச் சட்டத்தை அகற்றி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. 300ஆம் பிரிவு 101ஆகியது. முதல் விதிவிலக்கைத் திறந்து பார்த்தேன். ‘கடுமையான, திடீர்’ அப்படியே இருக்கிறது. காலனியச் சட்டத்தை விட்டொழித்ததாகச் சொல்லப்பட்ட நூலில் அந்தச் சொல் மாறாமல் குடியேறிவிட்டது.

கொலை தீர்வாகும் என்று நான் சொல்லவில்லை. பெரியம்மா குழவியைக் கீழே வைத்ததில் எனக்குள்ள நிம்மதியைச் சொல்லி முடியாது. ஆனால் அவருக்கும், ஆயுள் தண்டனை பெற்றுச் சிறையில் இருக்கும் ஒருத்திக்கும் இடையே இருந்தது ஒரு குழந்தையின் அழுகை மட்டுமே. நற்குணமோ பொறுமையோ இடையில் நிற்கவில்லை.

சென்ற வாரம் அனுமதி கேட்க அழைத்தபோது, அன்று கேளாததைக் கேட்டேன். “சின்னவன் அழலைன்னா என்ன பண்ணியிருப்பீங்க பெரியம்மா?”

சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “போட்டிருப்பேன் கண்ணு” என்றார்.

நீதிமன்றம் அவரிடம் குழவியைத் தூக்கியது எத்தனை மணிக்கு, அவர் கடைசியாக அடித்தது எத்தனை மணிக்கு என்று கேட்டிருக்கும். அதற்கு முந்தைய பதினோரு ஆண்டுகளின் சம்பள நாட்களைப் பற்றிக் கேட்டிருக்குமா என்று தெரியவில்லை. நானும்தான் கேட்கவில்லை. என் ஆய்வேட்டில் “வந்தா அடிப்பாரு” ஓர் எடுத்துக்காட்டுத் தொடராக அச்சாகியிருக்கிறது. எதிரே அடைப்புக்குறிக்குள் ‘கடந்தகால வழக்கம்’ என்று எழுதியிருக்கிறேன். இலக்கணமாக அது பிழையில்லை. அவர் சொன்னதில் பாதியைத்தான் நான் எழுதிக்கொண்டேன்.

சட்டம் பயிலும் நண்பர்கள், குறிப்பாக விசாரணை நீதிமன்றங்களில் வாக்குமூலங்கள் எப்படிப் பதிவாகின்றன என்பதை நேரில் கண்டவர்கள், உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். மொழிபெயர்ப்பில் எந்த வினைகள் தொலைந்துபோகின்றன என்று சேர்ந்து பார்க்கலாம்.