உப்பேறிய வேதாகமம்

தரங்கம்பாடிச் சபையாருக்கு ஜூலை 9 பெரிய நாள். 1706-இல் அன்றைக்குத்தான் டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய சீகன்பால்க் ஐயரும் புளுட்சோ ஐயரும் இங்கே வந்து சேர்ந்தார்கள். 2006-இல் அதற்கு 300 ஆண்டு நிறைவு. விழா எடுக்கலாமா, கூடாதா என்று எங்களுக்குள் கடுமையான வாக்குவாதம் நடந்தது. "சாவு விழுந்த ஊர்ல பந்தல் போடுறதா?" என்று கேட்டவர்களில் வீட்டாரைப் பறிகொடுத்தவர்களும் இருந்தார்கள்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்காக ராஜ வீதியில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே ஜனங்கள் தலைதெறிக்க ஓடிவந்தார்கள். "கடல் வருது, ஓடுங்க!" என்ற கூச்சல் மட்டும்தான் காதில் விழுந்தது. நகர வாசலைத் தாண்டித்தான் நின்றேன். பிறகு மீனவர் தெருக்களில் பார்த்ததை முழுக்க எழுத இன்றும் கை வரவில்லை. தினமும் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்களைத் துணியை விலக்கி அடையாளம் காட்ட வேண்டியிருந்தது. அந்தச் சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டுபோனார்கள்.

எங்கள் சபைப் பாட்டி ஒருவரின் வீட்டில் இடுப்பளவு தண்ணீர் புகுந்திருந்தது. வடிந்த பிறகு போனால், அவர் திண்ணையில் உட்கார்ந்து நனைந்த வேதாகமத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒட்டிக்கொண்ட தாள்களுக்கு நடுவே விளக்குமாற்று ஈர்க்கை நுழைத்து, கிழியாமல் நெம்பி, இடையிடையே பழைய செய்தித்தாளைச் செருகினார். ஓரமெல்லாம் உப்பு பூத்திருந்தது. புதுசு வாங்கித் தருகிறோம் என்றேன். "எம் புள்ளைங்க ஞானஸ்நானம் எடுத்த தேதியெல்லாம் இதுலதான் எழுதியிருக்கு தம்பி. எது எங்க இருக்குன்னு கைக்கே தெரியும்" என்றார்.

விழா வேண்டும் என்ற பக்கம் நான் சாய்ந்தது அந்தத் திண்ணையில்தான். 1517 அக்டோபர் 31-இல் விட்டன்பர்க்கில் லுத்தர் தொடங்கிய சீர்திருத்தம், அவர் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் தந்த பிறகுதான் வீடுகளுக்குள் போனது. சீகன்பால்க் இங்கே செய்ததும் அதுதான். டேன்ஸ்பர்க் கோட்டையில் அவரை நான்கு மாதம் சிறைவைத்தார்கள். வெளியே வந்தும் வேலையை விடவில்லை. 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு இந்த ஊரிலேயே அச்சாகி முடிந்தது. 1707-இல் அவர் கட்டிய முதல் ஆலயத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. 1718-இல் பிரதிஷ்டையான புதிய எருசலேம் ஆலயம் நிற்கிறது. மறு ஆண்டே, 36 வயதில் இறந்த அவர் அதற்குள்தான் அடக்கமாகியிருக்கிறார். கட்டடம் போனாலும் சபை போகவில்லை என்பதற்கு எங்கள் ஊரைவிட வேறு சாட்சி வேண்டுமா? துக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் மொழியில் தாங்களே எடுத்து வாசிக்க ஒரு புத்தகம் இருக்கிறதே, அதற்காக நன்றி சொல்வது துக்கத்துக்கு அவமரியாதை ஆகாது.

விழா நடந்தது. கடல் கடந்தும் விருந்தினர் வந்தார்கள். பாட்டியும் வந்தார். ஊறி வீங்கிய வேதாகமம் மூட மாட்டேன் என்றதால் ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். வாசிப்பு தொடங்கியதும் அதைக் கழற்றி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, வரிவரியாக விரல் வைத்துத் தொடர்ந்தார்.

சபை ஆண்டுவிழா என்றால் இப்போது மேடை, பொன்னாடை, பிரியாணி என்று ஆகிவிட்டது. அவை இருக்கட்டும். ஆனால் அடுத்த முறை உங்கள் சபையில் முதல் வேதவாசிப்பை, அந்த ஆண்டு துக்கம் கண்ட வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வாசிக்கச் சொல்லுங்கள்.