யார் குடியிருந்த வீடு?

சங்கச் செய்யுட்களிலே யவனரைப் பற்றி வரும் அடிகளை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கிவரும் தமிழாசிரியன் ஒருவனுக்கு, அந்த யவனரின் கடலையும் நகரங்களையும் ஒருமுறையேனும் கண்ணாற் காணவேண்டுமென்ற ஆவல் எழுவது இயல்பே. ஆசிரியச் சம்பளத்தில் நிறைவேறக்கூடிய ஆவலன்று அது. ஜேர்மனியிலே வாழும் எமது தமக்கையாரும் அத்தானும் விமானச் சீட்டு அனுப்பி அழைத்தமையாலேயே, சென்ற ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில், துருக்கியிலும் கிரேக்கத்திலும் உள்ள பழைய நகரங்கள் சிலவற்றைப் பன்னிரண்டு நாட்கள் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. கற்களைக் காணச் சென்றோம்; மனிதரைப் பற்றிய கேள்வியொன்றுடன் திரும்பினோம். அக்கேள்வியை வாசகர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இஸ்தான்புல் நகரில் யாவரும் முதலிற் காண்பது ஆயா சோபியாவையே. 532 இல் தொடங்கி 537 இல் முடிக்கப்பட்ட அப்பெருங் கட்டடம் ஒன்பது நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கிறித்தவ தேவாலயமாக இருந்தது. 1453 இல் பள்ளிவாசலாயிற்று. கடந்த நூற்றாண்டின் முப்பதுகளில் அரும்பொருட்சாலையாயிற்று. 2020 இல் மீண்டும் பள்ளிவாசலாயிற்று. அதன் அருகே நிலத்தின் கீழ் 336 தூண்கள் தாங்கும் நீர்த்தேக்கம் ஒன்று உண்டு. அங்கே இரண்டு தூண்களின் அடியில் மெடூசாவின் தலைகள் கிடக்கின்றன. ஒன்று தலைகீழாகவும் மற்றது பக்கவாட்டிலும் வைக்கப்பட்டுள்ளது. பழைய கட்டடம் ஒன்றிலிருந்து பெயர்த்தெடுத்து, புதிய தூணுக்கு முட்டாக இட்ட கற்கள் அவை. ஒரு நகரம் மற்றொரு நகரத்தின் கற்களால் எழுகிறது என்ற உண்மையை அந்த ஈர இருளிலே நின்று உணர்ந்தோம். ஆனால், அக்கற்களோடு வாழ்ந்த மனிதர் எங்கே போயினர் என்று கேட்க அப்போது எமக்குத் தோன்றவில்லை. ஆயிரத்தைந்நூறு ஆண்டுப் பழமை எவர் மனத்தையும் உறுத்துவதில்லை.

அக்கேள்வி எம்மைத் தைத்த இடம் இஸ்மீர். ஸ்மேர்ணா என்று பழைய நூல்கள் கூறும் துறைமுக நகரம் இதுவே. நகரின் நடுவே பரந்த பூங்கா ஒன்று உளது. 1936 இல் திறக்கப்பட்ட அப்பூங்காவின் நிழலையும் அங்கே நடைபெறும் சர்வதேசக் கண்காட்சியின் சிறப்பையும் வழிகாட்டி புகழ்ந்துரைத்தார். பூங்காவுக்கு முன் அந்நிலத்தில் என்ன இருந்தது என்று அத்தான் கேட்டார். "தீப்பிடித்த இடம்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த இடத்துக்கு நடந்தார்.

அந்தத் தீயின் கதை சுருக்கமாக இது. 1919 மே மாதத்தில் கிரேக்கப் படை அந்நகரில் இறங்கியபோது துருக்கியர் பலர் கொல்லப்பட்டனர். 1922 இல் தோற்றுப் பின்வாங்கிய அப்படை, வழியிலிருந்த ஊர்களை எரித்துக்கொண்டே சென்றது. அவ்வாண்டு செப்டெம்பர் 9 இல் துருக்கியப் படை நகருள் நுழைந்தது. 13 ஆந் திகதி மூண்ட பெருந்தீ ஆர்மேனியரும் கிரேக்கரும் வாழ்ந்த பகுதிகளைச் சாம்பலாக்கியது. முன்னே கடலும் பின்னே நெருப்புமாக மக்கள் திரள் திரளாகத் துறைமுகக் கரையில் நின்றனர். அச்சாம்பல் மேட்டின் மீதே பூங்கா எழுந்தது.

மறுநாள் எபேசு நகரின் இடிபாடுகளைக் கண்டோம். செல்சசு என்பாரின் நினைவாக அவர் மைந்தர் எழுப்பிய நூலகத்தின் முகப்பு, கடந்த நூற்றாண்டின் எழுபதுகளில் மீண்டும் தூக்கி நிறுத்தப்பட்டு, வெயிலிலே தகதகத்தது. பெருங்கூட்டம் அதன் முன் நின்று படம் பிடித்தது. நாமும் பிடித்தோம். அன்று மாலை, அருகிலுள்ள மலைக் கிராமமாகிய சிரிஞ்சேக்குச் சென்றோம். அங்கே படம் பிடிப்பார் குறைவு. நாம் கற்றதோ அதிகம்.

சிரிஞ்சே ஒரு காலத்தில் கிரேக்கக் கிறித்தவரின் ஊர். 1923 சனவரியில் லொசான் நகரில் கிரேக்கமும் துருக்கியும் ஓர் உடன்படிக்கை செய்தன. அதன்படி, துருக்கியில் வாழ்ந்த ஓதடொக்சுக் கிறித்தவர் கிரேக்கத்துக்கும், கிரேக்கத்தில் வாழ்ந்த முஸ்லிம்கள் துருக்கிக்கும் மாற்றப்பட்டனர். இஸ்தான்புல்லின் கிரேக்கருக்கும் மேற்குத் திரேசின் முஸ்லிம்களுக்கும் மட்டுமே விலக்கு அளிக்கப்பட்டது. முன்னரே அஞ்சி ஓடியவரையுஞ் சேர்த்துக் கிரேக்கத்துக்குச் சென்றோர் ஏறத்தாழப் பன்னிரண்டு இலட்சம். துருக்கிக்கு வந்தோர் மூன்றரை இலட்சத்துக்கு மேல். எவர் கிரேக்கர், எவர் துருக்கியர் என்பதை மதமே தீர்மானித்தது. துருக்கி மொழியன்றி வேறு மொழி அறியாத கிறித்தவர் பலர் கிரேக்கத்துக்கு அனுப்பப்பட்டனர். கிரேக்க மொழி பேசிய கிறீற் தீவின் முஸ்லிம்கள் துருக்கியிற் கொண்டுவந்து இறக்கப்பட்டனர். தாய்மொழியே ஒரு மக்களின் உயிர் என்று வகுப்பிலே முழங்கும் எமக்கு, அம்மொழியும் மனிதரைக் காக்காத வேளை உண்டு என்பது புதிய பாடமாக இருந்தது.

அவ்வூரிலே நாம் தேநீர் அருந்திய வீட்டின் வாசல் நிலைக்கு மேல் கல்லிற் கிரேக்க எழுத்துகள் வெட்டப்பட்டிருந்தன. வீட்டுக்காரியான முதியவர் எமது பார்வை சென்ற இடத்தைக் கவனித்தார். தம் பாட்டனார் கிரேக்கத்தில் உள்ள கவாலாவிலிருந்து வந்தவரென்றும், இவ்வெழுத்தை அழிக்க அவர் ஒருபோதும் உடன்படவில்லையென்றும், அங்கே தாம் விட்டு வந்த வீட்டின் வாசலையும் எவரும் கொத்தாதிருக்கட்டும் என்பதே அவர் கூறிய காரணமென்றும் தம் பேரன் வாயிலாக எமக்குச் சொன்னார். வேறொருவர் வீட்டிலே நூறாண்டு வாழ்ந்த ஒரு குடும்பம், அது வேறொருவர் வீடு என்பதை மறக்காமலே வாழ்ந்திருக்கிறது.

அங்கிருந்து கப்பலேறிக் கீயோசுத் தீவு வழியாக ஏதென்சை அடைந்தோம். அக்ரோபொலிசுக் குன்றின் மீது பார்த்தெனோன் நிற்கும் காட்சியை வருணிக்க எம்மால் இயலாது. ஆயினும், முன்னர் அக்குன்றில் வேறு கட்டடங்களும் இருந்தன. பார்த்தெனோன் தேவாலயமாகவும் பின்னர் பள்ளிவாசலாகவும் விளங்கியது. 1687 இல் வெனிசுப் படையின் குண்டு வீழ்ந்து, உள்ளிருந்த வெடிமருந்து வெடித்ததால் அது சிதைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, புதிய கிரேக்க அரசு தோன்றியபின், அங்கிருந்த பள்ளிவாசலும் வீடுகளும் இடைக்காலக் கோபுரமும் ஒவ்வொன்றாக அகற்றப்பட்டன. அழகு மிகுந்தது; ஐயமில்லை. ஆனால் நாம் இன்று காண்பது, கண்ணுக்குரியதென்று தெரிந்தெடுக்கப்பட்ட ஒரேயொரு நூற்றாண்டை. மற்றைய நூற்றாண்டுகள் குப்பையாகக் கூட்டித் தள்ளப்பட்டன.

இறுதியாகச் சென்றது தெசலோனிக்கி. துருக்கியக் கவிஞர் நாசிம் ஹிக்மெத் 1902 இற் பிறந்த நகரம் அது. துருக்கியக் கவிஞர் இன்றைய கிரேக்க நகரிற் பிறந்தது எங்ஙனம் என வியப்போர்க்கு 1913 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு விடை கூறும். அப்போது அங்கே யூதர் அறுபத்தோராயிரம் பேர், முஸ்லிம்கள் நாற்பத்தையாயிரம் பேர், கிரேக்கர் நாற்பதினாயிரம் பேர் அளவில் வாழ்ந்தனர். 1492 இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதருக்குப் புகலிடம் அளித்த துறைமுகம் அது. அத்துறைமுகத்தின் தொழிலாளர் 1909 இல் யூதரும் பல்கேரியரும் பிறரும் சேர்ந்த சோசலிசச் சம்மேளனம் ஒன்றை அமைத்தனர் என்பதையும் இங்கே நினைவுகூர்தல் தகும். முஸ்லிம்கள் 1923 இன் உடன்படிக்கையோடு போயினர். யூதர்களுள் நாற்பத்தையாயிரத்துக்கு மேற்பட்டோரை 1943 இல் நாசிகள் புகைவண்டிகளில் அடைத்து ஔஷ்விட்சுக்கு அனுப்பினர். மிகப் பெரும்பாலோர் மீளவில்லை. அதற்குச் சில மாதங்களின் முன், 1942 டிசெம்பரில், அவர்தம் பழைய மயானம் இடிக்கப்பட்டது. கல்லறைக் கற்கள் சுவருக்கும் நடைபாதைக்கும் பயன்பட்டன. அந்நிலத்தின் மீது பல்கலைக்கழகம் விரிந்தது. அதனைக் கூறும் நினைவுச்சின்னம் பல்கலைக்கழக வளவில் வைக்கப்பட்டது 2014 இலே தான். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக மாணவர் அங்கே பயின்றனர். பேராசிரியர் அங்கே வரலாறு போதித்தனர்.

ஆசிரியனாகிய எமக்கு அவ்வளவிலே நிற்கக் கால் கூசியது. பிறரைக் குற்றங்கூறும் தகுதி எமக்கு உண்டா என்ற எண்ணம் எழுந்ததே காரணம்.

யாழ்ப்பாணத்திலே எமது வீட்டு முன்னறையில் முதிரை அலுமாரி ஒன்று நிற்கிறது. அதன் கதவின் உட்புறத்தில், பென்சிலால் எழுதிய கணக்கொன்று மங்கலாகத் தெரியும்: தையற்கூலி, பொத்தான், நூல். எமது குடும்பத்தில் எவரும் தையற்காரர் அல்லர். இளமை தொட்டு அதைப் பார்த்துவந்த நாம், அது எவர் கையெழுத்து என்று ஒருநாளும் கேட்டதில்லை. 1990 ஒக்டோபர் 30 இல், யாழ்ப்பாண நகரின் முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அம்மாதம் வட மாகாணத்தை விட்டு அகற்றப்பட்டோர் எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர். ஔஷ்விட்சோடு இதனை ஒப்பிடுவது பிழை. அளவும் வேறு, முடிவும் வேறு. ஆனால் வெறுமையான வீட்டின் முன்னே அயலவன் காக்கும் மௌனம் எங்கும் ஒன்றே. எம்மக்கள் இழந்த வீடுகளைப் பற்றியும் எரிந்த நூல்களைப் பற்றியும் நாம் ஓயாது எழுதியுள்ளோம், எழுதவும் வேண்டும். எம் கண்ணெதிரே பிறர் இழந்தவற்றைப் பற்றி எத்தனை பேர் எழுதினோம்?

ஊர் திரும்பிய அன்றிரவு தந்தையாரிடம் அலுமாரியைப் பற்றிக் கேட்டோம். நெடுநேரம் அவர் பேசவில்லை.

"தொண்ணூற்றொண்டிலை மலிவாய் வந்தது, தம்பி. அப்ப எல்லாரும் வாங்கினவை" என்றார். பின்னர், "ஆற்றையெண்டு நான் கேக்கேல்லை. கேட்டிருந்தா வாங்கியிருக்க மாட்டன்" என்றார்.

அவரை நாம் கடியவில்லை. கேளாமல் இருந்த குற்றத்தில் எமக்கும் பங்குண்டு.

வெளியேற்றப்பட்டோர் பெருந்தொகையாகக் குடியேறிய புத்தளத்தில், எம்மோடு பல்கலைக்கழகத்திற் பயின்ற நண்பர் ஒருவர் ஆசிரியராக உள்ளார். அப்பென்சிற் கணக்கைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பி, சோனகத் தெருவிலே தையற்கடை வைத்திருந்தவர்களின் பிள்ளைகள் எவரேனும் இக்கையெழுத்தை அறிவரா என விசாரிக்கும்படி எழுதியுள்ளோம். மறுமொழி இன்னும் வரவில்லை. அது வரும்வரை அலுமாரியிலிருந்த எமது புத்தகங்களை எடுத்து வேறிடத்தில் அடுக்கியுள்ளோம். அந்தக் கணக்கைத் துடைத்துவிட வேண்டாம் என்று வீட்டாருக்குச் சொல்லியுமிருக்கிறோம்.