ஒரு பை யூரியாவுக்கு எத்தனை கடகம் எரு?

நஞ்சில்லாத விவசாயம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தவர்கள், எரு எங்கிருந்து வரும், அதை யார் சுமப்பது என்று யோசித்ததாகத் தெரியவில்லை.

கணக்கைப் பாருங்கள். 50 கிலோ யூரியாப் பையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. உலர்ந்த மாட்டெருவில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில்தான் நைதரசன் உண்டு. ஒரு பைக்கு ஈடாக இரண்டு தொன்னுக்கு மேல் எரு வேண்டும். அதுவும் ஒரே போகத்தில் முழுவதும் பயிருக்குக் கிடைத்துவிடாது. எத்தனை கடகம் தலையில் ஏறி இறங்க வேண்டும் என்பது வயலில் நிற்பவளுக்குத்தான் தெரியும்.

மூதூர் கிழக்கில் இந்தக் கணக்கு இன்னும் கசப்பானது. சம்பூர் மக்கள் 2006 இல் இடம்பெயர்ந்து, கிளிவெட்டி போன்ற முகாம்களில் வருடக்கணக்காக இருந்துவிட்டு, 2015 முதல்தான் படிப்படியாக ஊர் திரும்பினார்கள். நான் போய்வரும் கிராமங்களில் கணவரை இழந்த பெண்கள் பலரிடம் ஒரு பசுகூட இல்லை. "பட்டி நிறைய மாடு நிண்ட காலமெண்டா சமாளிச்சிருப்பம் மிஸ்" என்றார் ஒரு அக்கா. எருவையும் யுத்தம்தானே கொண்டுபோனது!

தடை அந்த நவம்பரிலேயே நீக்கப்பட்டது. அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாமல் நின்றது. டொலர் இல்லை, பசளைக்கும் டீசலுக்கும் தட்டுப்பாடு. செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். வேளாண்மை செய்தவர்களே அரிசியைக் கடனுக்கு வாங்கினார்கள்.

அப்போது தாக்குப்பிடித்தவை வளவுத் தோட்டங்கள். பத்துக் கத்தரிக் கன்றுக்குக் கோழி எருவும் இலைக்குப்பையும் போதும். வயலுக்கு அது காணாது. வைக்கோலை எரிக்காமல் வயலிலேயே பரப்ப வேண்டும். வேலியில் சீமைக்கிளுவை வளர்த்து, விதைப்புக்கு முன் குழையை வெட்டிச் சேற்றில் மிதிக்க வேண்டும். யூரியாவை வருடத்துக்கு வருடம் குறைத்துவர வேண்டும். சில வருட வேலை இது. ஒரு வர்த்தமானி அறிவித்தலால் முடிகிற காரியமல்ல.

தடி நட நினைக்கும் சகோதரிகள் மாரி மழை தொடங்கியதும் நடுங்கள். ஐந்தடி நீளத்தில் முற்றிய தடியாகப் பாருங்கள், இளந்தடி அழுகிவிடும். முதல் வருடம் குழை வெட்டாதீர்கள். பக்கத்து வீட்டு ஆட்டையும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.