நூற்றாண்டு நிழலுக்கு ஈடில்லை

கண்டியில் பழைய மரமொன்று விழும்போதெல்லாம் “பத்துக் கன்று நட்டால் சரியாகிவிடும்” என்கிறோம். ஆகாது. பேராதனைப் பூங்காவில் ஐந்தாம் ஜோர்ஜ், மன்னராவதற்கு முன், 1901இல் நட்ட நாகலிங்கக் கன்று பெருமரமாக ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது. முதுமரத்தின் பொந்தில்தான் பல ஆந்தைகளும் இருவாச்சியும் குஞ்சு பொரிக்கும். கன்றில் பொந்து ஏது? 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலாவையும் ஈரப்பலாவையும் காப்பது அவை சோறு போடுவதால், வயதுக்காக அல்ல.

“கிளை முறிந்து ஆள் செத்தால் யார் பொறுப்பு?” என்ற கேள்வி நியாயமானது; உயிர்தான் முதன்மை. ஆனால் அச்சம் மட்டும் கோடரியை எடுக்கக் கூடாது. முதலில் நிபுணர் பார்க்கட்டும். பட்ட கிளையைக் கழிக்கட்டும், சாய்ந்ததற்கு முட்டுக் கொடுக்கட்டும். அடி உளுத்ததை மட்டும் வெட்டலாம். கண்டி மாநகர சபை நகரின் முதுமரங்களைப் பட்டியலிட்டு, வெட்டுமுன் காரணத்தை மக்களுக்கு அறிவிக்க வேண்டும். உங்கள் தெரு மரத்துக்காக நீங்களும் கேளுங்கள்.